'பிரௌசரை மட்டும் அப்டேட் பண்ணிடாதீங்க': பழைய பதிப்பை விடாதவர்களின் கணக்கு

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையிலோ ஆடிட்டர் ஆபீசிலோ கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க உட்கார்ந்தால், அதை ஆன் செய்வதற்கு முன்னாலேயே ஒரு வேண்டுகோள் வந்துவிடும். "அண்ணா, வேற என்ன வேணா பண்ணுங்க. பிரௌசரை மட்டும் அப்டேட் பண்ணிடாதீங்க." பட்டா, சிட்டா எடுப்பது, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போடுவது, 2024 மே மாதத்திலிருந்து சுற்றுலா வண்டிகளுக்குக் கட்டாயமாகிவிட்ட இ-பாஸ் பதிந்து கொடுப்பது என்று நாள் முழுக்கப் பிழைப்பு அந்த ஒரு பிரௌசரில்தான் ஓடுகிறது. அதில் கை வைக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

இதைக் கேட்கும் இளவட்டங்கள் பயம் என்பார்கள், இல்லையென்றால் சோம்பல் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்டேட் வேண்டாம் என்கிறவர் பெரும்பாலும் ஒரு அப்டேட்டில் எதையோ பறிகொடுத்தவர். எதைப் பறிகொடுத்தார் என்று கேட்டுப் பார்த்தால், பிரௌசர் தயாரிப்பவர்களுக்கும் அதை அன்றாடம் புழங்குகிறவர்களுக்கும் நடுவே பல வருடமாக நடந்துவரும் ஓர் இழுபறி வெளியே வரும்.

முதலில் ஒரு கூட்டத்தைத் தனியாக ஒதுக்கிவிடலாம். பழைய பதிப்பின் மேல் இவர்களுக்குப் பிரியம் ஒன்றும் கிடையாது. புதியது இவர்கள் கணினியில் ஏறாது, அவ்வளவுதான். 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பிலிருந்து குரோம் விண்டோஸ் 7, 8.1 இரண்டையும் கைவிட்டது. அங்கே 109தான் கடைசி. பயர்பாக்ஸுக்கு 115. தமிழக அரசு 2011இல் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் சில, பேட்டரி செத்துப்போய் சார்ஜர் வயரை நம்பி இன்னும் மலை வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களை விசுவாசிகள் என்பது நியாயமில்லை. கையில் காசு வந்தால் அன்றைக்கே மாறிவிடுவார்கள்.

அடுத்தது, செய்யும் வேலை கட்டிப்போட்டவர்கள். அரசு டெண்டர் போடுகிறவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். டிஜிட்டல் கையெழுத்து ஒரு யூஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கும். பிரௌசருக்குள்ளிருந்து அதை எட்டிப் பிடிக்க நெடுங்காலம் ஜாவா ஆப்லெட் என்ற சின்ன நிரல்தான் பல தளங்களில் வழி. ஜாவா பிரௌசருக்குள் ஓட என்பிஏபிஐ என்ற இணைப்பு ஏற்பாடு வேண்டும். அது நெட்ஸ்கேப் என்ற பழைய பிரௌசரின் காலத்துச் சரக்கு. பாதுகாப்பு என்று பார்த்தால் ஊரெல்லாம் ஓட்டை. குரோம் 2015 செப்டம்பரில் 45ஆம் பதிப்போடு அதை எடுத்தெறிந்தது. பயர்பாக்ஸ் 2017 மார்ச்சில், 52ஆம் பதிப்பில், ஃப்ளாஷைத் தவிர மற்றவற்றுக்குக் கதவைச் சாத்தியது. ஆனால் அதே 52இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பில், இஎஸ்ஆர் என்பார்களே, அதில் மட்டும் 2018 வரை ஜாவா ஓடியது. அப்புறம் என்ன? பயர்பாக்ஸ் 52 இஎஸ்ஆர், அதற்குத் தோதான ஒரு ஜாவா பதிப்பு, அப்டேட் நிறுத்தம், இந்த மூன்றையும் ஒரு கணினியில் சேர்த்துப் பூட்டிவைத்து, 'இது டெண்டர் மெஷின், யாரும் தொடாதீங்க' என்று ஆகிவிட்டது. இவர்களைப் பழைய பதிப்பில் நிறுத்தியது அரசுத் தளம். பக்கத்தின் அடியில் 'இன்டர்நெட் எக்ஸ்புளோரரில், 1024க்கு 768 அளவில் பார்க்கவும்' என்று எழுதிவைத்திருந்த தளங்களை நினைவிருக்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மைக்ரோசாஃப்ட்டே 2022 ஜூன் 15இல்தான் எக்ஸ்புளோரருக்கு விடைகொடுத்தது.

மூன்றாவது ரகம்தான் உண்மையான விசுவாசிகள். இவர்களிடம் புதிய கணினி இருக்கும், எந்தத் தளமும் கட்டிப்போட்டிருக்காது, இருந்தும் மாறமாட்டார்கள். இவர்கள் கதையைச் சொல்ல 2011க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் மார்ச் மாதம் பயர்பாக்ஸ் 4 வந்தது. அதற்கு முந்தைய 3.6, 2010 ஜனவரியில் வந்தது, நிதானமானது, பழகியது. புதியதில் டேப்கள் மேலே ஏறிவிட்டன, கீழே இருந்த நிலைப்பட்டை காணாமல் போனது, மெனுக்கள் எல்லாம் ஓர் ஆரஞ்சுப் பொத்தானுக்குள் சுருண்டுவிட்டன. வலைப்பூக்களைப் பின்தொடர்கிறவர்கள் தினமும் அழுத்திய ஆர்எஸ்எஸ் பொத்தானும் முகவரிக் கட்டத்திலிருந்து போய்விட்டது. சரி, பழகிக்கொள்ளலாம் என்று சிலர் மாறினார்கள். மூன்றே மாதத்தில், ஜூன் 21இல், பயர்பாக்ஸ் 5 வந்தது. நான்குக்கு இனி பாதுகாப்புத் திருத்தம் கிடையாது, ஐந்துதான் அந்தத் திருத்தம் என்றது பயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா. அன்றிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு. ஒரு பதிப்பைச் சோதித்து முடிப்பதற்குள் அது காலாவதியாகிவிடுகிறதே என்று பெரிய அலுவலகங்களின் கணினிப் பிரிவுகள் கொதித்தன. மலைக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. டேட்டா கார்டில் 1 ஜிபிக்கு எண்ணிச் செலவழித்த காலம் அது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை பிரௌசர் தானாக எதையோ இறக்குகிறது என்றால், வீட்டில் கேள்வி வரும்.

3.6இல் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். மொசில்லாவும் 2012 ஏப்ரல் வரை 3.6க்குத் திருத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதே வருடம் ஜனவரியில் பயர்பாக்ஸ் 10ஐ அடிப்படையாக வைத்து முதல் இஎஸ்ஆர் வந்தது: சுமார் ஒரு வருடத்துக்குத் தோற்றம் மாறாது, வசதி மாறாது, ஓட்டைகள் மட்டும் அடைக்கப்படும். இது அலுவலகங்களுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டில் இருக்கிறவனுக்கும் இதே தேவைதான் என்பதை வெளிப்படையாக ஒத்துக்கொள்ள மனமில்லை.

இந்தப் பிரச்சினையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரைத் தகரத்தில் ஓட்டை அடைக்க ஆளைக் கூப்பிடுகிறோம். அவர் ஓட்டையை அடைத்துவிட்டு, யாரும் கேட்காமலேயே அடுப்படியையும் பின்கட்டுக்கு மாற்றிவைத்துவிட்டுப் போகிறார். அடுத்த வருடம் கூரை ஒழுகினால் அவரைக் கூப்பிடுவோமா, கீழே வாளி வைத்துச் சமாளிப்போமா? பிரௌசர் அப்டேட்டில் பாதுகாப்புத் திருத்தமும் தோற்ற மாற்றமும் ஒரே பொட்டலமாகத்தான் வருகின்றன. ஒன்றை வேண்டாம் என்றால் மற்றதும் கிடையாது. வாளி வைக்கிறவர்களைத்தான் நாம் பழைய பதிப்பின் விசுவாசிகள் என்கிறோம்.

தமிழ் வாசகர்களுக்கே புதியது ஆகாது என்று யாராவது சொன்னால், 2008ஐக் காட்டலாம். பயர்பாக்ஸ் 2இல், விண்டோஸில், இருபுறமும் சீராக்கிய தமிழ்ப் பத்தி உடைந்து தெரியும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் தனியாக. 'தயவுசெய்து பத்தியைச் சீராக்காதீர்கள்' என்று வலைப்பதிவர்களிடம் கெஞ்சியவர்கள் உண்டு. அந்த வருடம் ஜூனில் வந்த பயர்பாக்ஸ் 3 இதைச் சரிசெய்தது. ஒரே நாளில் 80 லட்சத்துக்கும் மேல் இறக்கப்பட்டு கின்னஸில் ஏறிய பதிப்பு அதுதான். தமிழ் படிக்க பயர்பாக்ஸ் வைத்திருந்தவர்கள் யாரும் இரண்டிலேயே இருப்பேன் என்று அடம்பிடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்று கிடைத்தது, மாறினார்கள்.

நீட்சிகளின் கதை இதற்கு நேர் எதிர். பிரௌசரோடு ஒட்டிக்கொண்டு கூடுதல் வசதி தரும் சின்ன நிரல்கள்தான் நீட்சிகள். பயர்பாக்ஸின் பலமே அன்று அவைதான். 'தமிழ்விசை' என்ற நீட்சியைப் போட்டுவிட்டால், கணினியில் வேறெதையும் நிறுவாமல் பிரௌசருக்குள்ளேயே தமிழ் தட்டலாம். எதையும் நிறுவ விடாத பிரௌசிங் சென்டரில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். 'பத்மா' என்று இன்னொன்று. ஒவ்வொரு நாளிதழும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டு படுத்திய காலத்தில், அந்தப் பக்கங்களை யூனிகோடாக மாற்றிக் காட்டும். மலையில் இருப்பவர்களுக்கு இவற்றைவிட முக்கியமானவை இரண்டு. ஒன்று 'டவுன்தெம்ஆல்'. மழையில் மரம் விழுந்து கேபிள் அறுந்து, பாதியில் நின்ற டவுன்லோடை விட்ட இடத்திலிருந்து தொடரும். மற்றது 'ஸ்கிராப்புக்'. இணைப்பு இருக்கும்போது பக்கத்தை அப்படியே சேமித்துவைத்து, இல்லாதபோது படிக்கலாம். கரண்டும் நெட்டும் சொல்லாமல் போய் வரும் ஊரில் இவை அலங்காரச் சாமான்கள் இல்லை.

2017 நவம்பர் 14இல் பயர்பாக்ஸ் 57 வந்தது. குவாண்டம் என்று பெயர். பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகள் அத்தனையும் ஒரே நாளில் வேலை செய்யாமல் போயின. தமிழ் தட்டுவதை விண்டோஸும் போனும் அதற்குள் தாங்களே பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டதால் அந்த வகை நீட்சிகளுக்கு அழுதவர் குறைவு. டவுன்தெம்ஆலுக்கு அழுதவர்கள் நிறையவே. அது பிற்பாடு புதிய முறையில் திரும்ப எழுதப்பட்டு வந்தது. ஆனால் பழைய பலத்தில் பாதிதான் மிஞ்சியது, புதிய நீட்சி முறை மீதியை அனுமதிக்கவில்லை.

மொசில்லா தரப்பிலும் நியாயம் இருந்தது. பழைய நீட்சிகளுக்குப் பிரௌசரின் எந்த உறுப்பையும் தொட்டு மாற்றும் சுதந்திரம் இருந்தது. அதனால்தான் அவை அவ்வளவு செய்ய முடிந்தது. அதனால்தான் உள்ளே எதை மாற்றினாலும் எங்கோ ஒரு நீட்சி உடைந்தது. ஒவ்வொரு டேபையும் தனித்தனி வேலையாகப் பிரித்து ஓட்டுவதில் குரோம் பல வருடம் முன்னே போய்விட்டிருந்தது. பயர்பாக்ஸ் அதை 2016 ஆகஸ்டில்தான் பரவலாகத் தொடங்க முடிந்தது, தாமதத்துக்கு இந்த நீட்சிகளும் ஒரு காரணம். குவாண்டம் வேகமாகவே இருந்தது. ஆனால் வேகம் வேண்டும் என்று கேட்டவர்களும் நீட்சி வேண்டும் என்று கேட்டவர்களும் ஒரே ஆட்கள் இல்லை. வேகம் தேடியவர்களில் பலர் அதற்கு முன்பே குரோமுக்குப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் மேல்தான் இது கை வைத்தது.

ஓபரா என்ற பிரௌசர் செய்தது இன்னும் கொடுமை. 12ஆம் பதிப்புவரை அது, பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் சொந்த எஞ்சினில் ஓடியது. பிரெஸ்டோ என்று பெயர். மின்னஞ்சல், குறிப்பேடு, சுட்டியைக் கோடிழுத்துக் கட்டளையிடும் வசதி எல்லாம் உள்ளேயே. 2013 பிப்ரவரியில் பிரெஸ்டோவைக் கைவிடுவதாக அறிவித்து, ஜூலையில் குரோமின் அடித்தளத்தில் 15ஆம் பதிப்பை விட்டார்கள். அதில் புக்மார்க் வைக்கவே முறையான வசதி இல்லை. பிரௌசரில் புக்மார்க் இல்லை! வருடக்கணக்கில் பலர் 12இலேயே இருந்ததில் என்ன வியப்பு? ஓபராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான யான் வான் டெட்ஸ்னர் 2011இலேயே வெளியேறியிருந்தார். இந்த ஆட்களுக்காகவே அவர் விவால்டி என்ற பிரௌசரைத் தொடங்கினார். முதல் சோதனைப் பதிப்பு 2015 ஜனவரியில் வந்தது.

அதே நிறுவனத்தின் ஓபரா மினி வேறு மாதிரி. நம் ஊரில் பட்டன் போனில் இணையம் பார்த்த தலைமுறைக்கு அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நோக்கியாவில் தமிழ் எழுத்துரு இருக்காது, பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். முகவரிக் கட்டத்தில் 'ஓபரா', ஒரு முக்காற்புள்ளி, 'கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஓர் அமைப்புப் பக்கம் திறக்கும். அதன் அடியில், சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பலாமா என்று ஒரு கேள்வி. ஆம் என்று மாற்றிச் சேமித்தால் தமிழ் பளிச்சென்று வந்துவிடும். இந்த வித்தை ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போயே தமிழ்நாடு முழுக்கப் பரவியது. டேட்டா கொஞ்சம் கூடத் தின்னும், பரவாயில்லை.

இதில் கவனிக்க வேண்டியது அதன் கட்டமைப்பு. பக்கத்தைத் திறந்து, சுருக்கி, படமாக்கி அனுப்பும் வேலை முழுக்க ஓபராவின் சர்வரில் நடந்தது. போனில் இருந்தது முகம் மட்டும். சர்வரைத் திருத்தினால் போதும், போனில் இருக்கும் நாலாம் பதிப்பு அப்படியே இருக்கலாம். ஐந்தாம் பதிப்பு வந்தபிறகும் சின்ன போன்களுக்காக நாலாம் வரிசையைத் தனியாகப் பராமரித்தார்கள். ஓட்டை அடைப்பதையும் அடுப்படி மாற்றுவதையும் பிரிக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இதற்கு ஒரு விலையும் உண்டு. நீங்கள் பார்ப்பதையெல்லாம், வங்கிப் பக்கம் உட்பட, நடுவில் இருக்கும் சர்வர் பிரித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறது.

சரி, பழைய பதிப்பில் எவ்வளவு காலம் இருக்கலாம்? பிரௌசர் தானாகக் கெட்டுப்போவதில்லை. 3.6ஐ இன்றைக்கு நிறுவினாலும் திறக்கும். வெளியே இருக்கும் இணையம்தான் அதைக் கழற்றிவிடுகிறது, அதுவும் பல வழிகளில்.

பூட்டு மாறியது ஒன்று. தளத்துக்கும் பிரௌசருக்கும் நடுவே பேச்சை மறைக்கும் டிஎல்எஸ் முறையில் 3.6க்குத் தெரிந்தது 1.0 மட்டுமே. பயர்பாக்ஸ் 1.2ஐ இயல்பாகப் பயன்படுத்தத் தொடங்கியது 2014 பிப்ரவரியில், 27ஆம் பதிப்பில். கார்டு பணப் பரிமாற்றத் தளங்கள் பழைய 1.0ஐ 2018 ஜூன் 30க்குள் கைவிட வேண்டும் என்று அத்துறையின் விதியே வந்தது. 2020 மார்ச்சில் பயர்பாக்ஸ் பழைய டிஎல்எஸ்ஸை நிறுத்தியபோது ஒரு வேடிக்கை நடந்தது. கொரோனா நேரம், தகவல் தேடி மக்கள் போகும் அரசுத் தளங்கள் சில இன்னும் பழைய பூட்டிலேயே இருந்தன. நிறுத்தியதைத் திரும்பக் கொஞ்ச நாள் திறந்துவிட்டார்கள்.

அப்புறம் சான்றிதழ். எந்தத் தளத்தை நம்பலாம் என்று சொல்லும் மூலச் சான்றிதழ்களின் பட்டியல் பிரௌசரிலோ இயங்குதளத்திலோ இருக்கும். அவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. 2021 செப்டம்பர் 30இல், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் அமைப்பு சார்ந்திருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. புதிய மூலத்தை அறியாத பழைய கணினிகளில் அன்றைக்கு ஏராளமான தளங்கள் எச்சரிக்கைப் பக்கமாக மாறின. பயர்பாக்ஸ் தன் பட்டியலைத் தானே சுமப்பதால், 50ஆம் பதிப்போ அதற்கு மேலோ வைத்திருந்தவர்கள் பழைய விண்டோஸ் எக்ஸ்பியில்கூடத் தப்பினார்கள். ஆனால் அதே பயர்பாக்ஸ் 2025 மார்ச் 14இல் தன் ஆட்களையே பிடித்தது. நீட்சிகளைச் சரிபார்க்கும் சொந்த மூலச் சான்றிதழ் அன்று முடிவுக்கு வந்தது. 128க்கும், இஎஸ்ஆரில் 115.13க்கும் முந்தைய பதிப்புகளில் நீட்சிகள் முடங்கும் நிலை. நீட்சிக்காகவே பழையதில் இருந்தவர்களுக்கு இது எப்படியிருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தளங்களை எழுதும் நிரல்மொழியும் மாறுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் கேள்விக்குறியும் புள்ளியும் ஒட்டி வரும் ஒரு சின்னக் குறி 2020இல் பிரௌசர்களுக்குள் வந்தது. அதை அறியாத பிரௌசர் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுப் போகாது. அந்தக் கோப்பு முழுவதையும் நிராகரித்துவிடும். விண்ணப்பப் பக்கம் வெள்ளையாக நின்றுகொண்டு, 'சர்வர் டவுன் போல' என்று கடைக்காரர் சொல்வதில் பாதி இப்படிப்பட்டதுதான். இன்னொரு பக்கம், பிரௌசரால் முடியும் என்றாலும் பெயரையும் எண்ணையும் பார்த்தே விரட்டும் தளங்கள். ஓபரா 10 வந்தபோது பல தளங்கள் முதல் இலக்கத்தை மட்டும் படித்து அதை ஓபரா 1 என்று எண்ணிக்கொண்டதால், கடைசிவரை தன்னை 9.80 என்றே அறிமுகம் செய்துகொண்டது!

இவையெல்லாம் அசௌகரியம். ஆபத்து வேறு. ஒவ்வொரு புதிய பதிப்பும் எந்தெந்த ஓட்டையை அடைத்தது என்ற பட்டியலோடு வருகிறது. அதையே திருப்பிப் படித்தால், பழைய பதிப்பில் எங்கே கை நுழைக்கலாம் என்பதற்கான வழிகாட்டி. 2015 ஆகஸ்டில் பயர்பாக்ஸின் பிடிஎஃப் காட்டியில் இருந்த ஓட்டை வழியாக, ஒரு ரஷ்யச் செய்தித் தளத்தில் வந்த விளம்பரம் வாசகர்களின் கணினியில் கோப்புகளைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தது. எதையும் அழுத்தத் தேவையில்லை, பக்கத்தைத் திறந்தால் போதும். 39.0.3 அதை அடைத்தது. அதற்கு முந்தைய பதிப்பில் இருந்தவர்களுக்கு வாளி உதவியிருக்காது.

இதனால்தான் சிலர், பயர்பாக்ஸின் மூல நிரலை எடுத்து வேறு ஆட்கள் தனியாக வளர்க்கும் கிளைப் பிரௌசர்களுக்குப் போனார்கள். 2009இல் தொடங்கிய பேல் மூன் பழைய நீட்சி முறையையும் பழைய முகத்தையும் இன்றுவரை வைத்துக்கொண்டு திருத்தங்களும் தருகிறது. வாட்டர்ஃபாக்ஸ் கிளாசிக் பயர்பாக்ஸ் 56ஆம் பதிப்பின் வழி வந்தது. கெட்டிக்காரத்தனமான வேலைதான், ஆனால் கையளவு ஆட்கள் கூகுளோடும் ஆப்பிளோடும் ஓடிப் பிடிக்க முடியாது. பெரிய தளங்கள் இவற்றில் சோதித்துப் பார்ப்பதுமில்லை.

இப்போதைக்கு மலையில் விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு நடைமுறையில் இருப்பது பயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர்தான். 2024 செப்டம்பரில் நிறுத்துவதாகச் சொல்லியிருந்த ஆதரவை மொசில்லா ஒருமுறைக்கு மேல் நீட்டித்திருக்கிறது. பழைய கணினிக்காரர்கள் இன்னும் கணிசமாக இருப்பதே காரணம். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14இல் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், அடுத்த கூட்டம் தயாராகிவிட்டது. பழைய பிரௌசர் ஒரு தளத்துக்காகக் கட்டாயம் வேண்டும் என்றால், அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, வங்கியையும் மின்னஞ்சலையும் வேறொன்றில் திறப்பது நல்லது. 4 ஜிபி ரேம் உள்ள கணினியென்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டு, புதிதாக வரும் பயர்பாக்ஸையே ஓட்டலாம். கடைக்காரர்கள் அதற்கு முன்னால் ஜெராக்ஸ் மெஷினுக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் லினக்ஸ் டிரைவர் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பல மாடல்களுக்குக் கிடைப்பதில்லை.